ஒற்றை விளக்கில் வரும் கார்

இரவு நேரம், நடுவில் தடுப்பு இல்லாத மாநில நெடுஞ்சாலை. எதிரே ஒற்றை விளக்கு வருகிறது. மோட்டார் சைக்கிள் என்று எண்ணி அதற்கேற்ற இடம் விட்டுப் போகிறோம். கிட்டே வந்த பிறகுதான் அது கார் என்று தெரிகிறது. நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கமாகப் போவதால், எதிரே வரும் காரின் வலது முகப்பு விளக்குத்தான் நம்மை ஒட்டிக் கடக்கும். அது செத்துப்போய் இடது விளக்கு மட்டும் எரிந்தால், நாம் பார்க்கும் வெளிச்சத்துக்கு இப்பால் ஒரு மீட்டருக்கும் அதிகமான இரும்பு இருட்டில் வந்துகொண்டிருக்கிறது. பின்னால் பிரேக் லைட் எரியாத காரும் இதே அளவு ஆபத்தானது. ஆனால் அதை ஓட்டுபவருக்கு அந்தக் குறை தெரியவே தெரியாது.

இத்தனைக்கும் காரின் விளக்குப் பழுது பெரும்பாலும் சில நூறு ரூபாயில் தீரக்கூடியது. பிறகு ஏன் மாதக்கணக்கில் தொடர்கிறது? பழுது பார்க்கும் முறை சரியில்லை என்பதே என் கருத்து. விளக்கு எரியவில்லை என்று பட்டறைக்குப் போனால், "பல்பு போச்சு சார், மாத்திடலாம்" என்பார்கள். புது பல்பும் எரியாவிட்டால் ரிலேயை மாற்றுவார்கள், அடுத்து சுவிட்சை. அதற்கும் மசியாவிட்டால் "வயரிங்கே போச்சு" என்ற தீர்ப்பு வரும். இது பாகங்களை மாற்றிப் பார்த்து அதிர்ஷ்டத்தைச் சோதிப்பது. மின்சாரம் பாட்டரியிலிருந்து கிளம்பி விளக்கு வழியாகப் பாட்டரிக்கே திரும்பும் பாதை முழுவதையும், விளக்கு எரியும் நிலையிலேயே, அளந்து பார்ப்பதுதான் பழுது கண்டறிதல். அப்படி அளந்தால் எந்தப் பாகத்தையும் மாற்றாமலே பல பழுதுகள் தீரும்.

ஒரு வோல்ட்டின் விலை

நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் பாட்டரி, எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதை 13.8 முதல் 14.4 வரை உயர்த்தும். நம் சாலைகளில் அதிகம் காணப்படும் எச்4 பல்பில் இரண்டு இழைகள் உண்டு. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். ஒரு பல்பு ஏறத்தாழ 5 ஆம்பியர் இழுக்கிறது. இரண்டு பக்கப் பல்புகளும் சேர்ந்து 10 ஆம்பியர்.

இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறைகிறது. மின்னழுத்தம் 10 சதவீதம் இறங்கினால் வெளிச்சத்தில் 30 சதவீதம் போய்விடும். 12 வோல்ட்டில் வழியிலேயே 1 வோல்ட் தொலைந்தால் வெளிச்சத்தில் கால் பங்கு தொலைந்தது என்று கணக்கு. "லைட் மங்கலா இருக்கு, அதிக வாட் பல்பு போடுங்க" என்று கேட்பவர்களில் பலருக்கு வேண்டியது அதிக வாட் அல்ல, அந்தத் தொலைந்த ஒரு வோல்ட்தான்.

அது எங்கே தொலைகிறது? வயர்களை இணைக்கும் ஒரு கப்ளரின் பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு படிந்து, அந்த இணைப்பில் 0.2 ஓம் தடை வந்துவிட்டதாகக் கொள்வோம். மிகச் சிறிய தடை. சாதாரண மல்டிமீட்டரில் ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் முனைக் கம்பிகளின் தடையிலேயே இது மறைந்துவிடும். ஆனால் அதன் வழியே 5 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட் அங்கே நின்றுவிடுகிறது. கூடவே 5 வாட் வெப்பமும் அந்த விரல்நுனி அளவு இடத்தில் உண்டாகிறது. வெப்பம் தகட்டின் பிடியைத் தளர்த்தும். பிடி தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் வெப்பமும் கூடும். கடைசியில் கப்ளரின் பிளாஸ்டிக் பழுப்பேறி, உருகி, தொட்டால் உதிரும். முகப்பு விளக்கின் பின்பக்க ரப்பரைக் கழற்றிப் பார்த்தால் பழைய கார்களில் இந்தக் காட்சி சாதாரணம். அந்தக் கப்ளரில் புது பல்பை மாட்டினால் அதுவும் சில வாரத்தில் மங்கும். அதே தடிமன் வயரோடு வரும் செராமிக் ஹோல்டரைப் போட்டுப் பழையதை வெட்டி எறிவதுதான் வழி.

இந்தத் தடையைப் பிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. விளக்கைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் பாசிட்டிவிலும், மற்றதைப் பல்பின் பாசிட்டிவ் பின்னிலும் வைக்க வேண்டும். மீட்டர் காட்டும் எண், போகிற வழியில் தொலையும் வோல்ட். அதேபோல் பாட்டரியின் நெகட்டிவுக்கும் பல்பின் எர்த் பின்னுக்கும் இடையே வைத்தால் திரும்புகிற வழியின் இழப்பு தெரியும். எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பாசிட்டிவ் பக்கம் அரை வோல்ட்டைத் தாண்டினால் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், கப்ளர் என்று ஒவ்வொரு கட்டமாக முனையை நகர்த்திக்கொண்டே போனால் போதும். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே எண் எகிறுகிறதோ அங்கேதான் பழுது.

பல்பைக் கழற்றிவிட்டு வெறும் கப்ளரில் மீட்டர் வைத்து "12 வோல்ட் வருது, வயரிங் நல்லா இருக்கு" என்று சொல்வது இந்தத் தொழிலில் மிகப் பரவலான தவறு. மீட்டர் ஏறக்குறைய மின்சாரமே இழுப்பதில்லை. வயரின் இழைகளில் ஒன்றைத் தவிர எல்லாம் அறுந்திருந்தாலும் அது 12 என்றே காட்டும். பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் கையில் வைத்திருக்கும் டெஸ்ட் லேம்ப் இந்த விஷயத்தில் மீட்டரைவிட உண்மை பேசும். அது எரிய வேண்டுமென்றால் மின்சாரம் நிஜமாகவே ஓட வேண்டும்.

திரும்பும் வழி

காரின் பழுதுகளில் ஆளை அதிகம் குழப்புவது எர்த் பழுது. ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று எரியும். பிரேக்கை மிதித்தால் பின்னால் எல்லாம் மங்கலாக மின்னும். இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட்டும் கூடவே சிமிட்டும். வயரிங் முழுதும் பின்னிக்கொண்டுவிட்டது என்று வண்டிக்காரர் பயந்துபோவார். பெரும்பாலும் காரணம் ஒரே ஒரு திருகாணிதான்.

பின்விளக்குக் கூட்டைக் கழற்றி அருகில் வைத்துப் பார்ப்போம். பல சிறிய கார்களில் பின்னால் இருப்பது பி21/5 வகைப் பல்பு. ஒரே கண்ணாடிக்குள் 21 வாட் இழை பிரேக்குக்கு, 5 வாட் இழை பார்க்கிங்குக்கு. அடியில் இரண்டு ஈயப் புள்ளிகள், இரண்டுக்கும் தனித்தனி பாசிட்டிவ். திரும்பும் வழி மட்டும் பொது: பல்பின் பித்தளை உடல், அது தொடும் ஹோல்டர் தகடு, அந்தத் தகட்டிலிருந்து ஒரு கறுப்பு வயர், அது முடியும் இடம் டிக்கிக்குள் தகரத்தில் ஒரு திருகாணி. அந்தக் கூட்டில் உள்ள இண்டிகேட்டருக்கும் ரிவர்ஸ் லைட்டுக்கும் அதே தகடுதான்.

இந்தத் திருகாணியில் துரு ஏறி வழி அடைபட்டதாக வைத்துக்கொள்வோம். பகலில், பார்க்கிங் லைட் போடாமல் பிரேக்கை மிதிக்கிறோம். 21 வாட் இழைக்குள் மின்சாரம் நுழைந்து தகட்டுக்கு வருகிறது. வெளியேற வழியில்லை. மடை அடைத்த தண்ணீர் பக்கத்து வயலுக்குள் புகுவதுபோல அது 5 வாட் இழைக்குள் பின்பக்கமாக ஏறி, பார்க்கிங் லைட் வயரைப் பிடித்து, அடுத்த பக்கப் பின்விளக்குக்கும் நம்பர் பிளேட் விளக்குக்கும் போய், அவற்றின் எர்த் வழியே இறங்குகிறது. அதனால்தான் பிரேக் மிதித்தால் பின்னால் எல்லாம் மங்கலாக எரிகிறது. இனி பார்க்கிங் லைட்டையும் போட்டுப் பாருங்கள். இரண்டு இழைகளுக்கும் 12 வோல்ட் வந்து நிற்கும், மின்சாரம் போக அந்தப் பழைய குறுக்கு வழியும் இல்லை. எஞ்சும் வழிகளில் ஒன்று இண்டிகேட்டர் இழை. அதன் வழியே ஏறி, அதே பக்க முன் இண்டிகேட்டரை லேசாக மினுக்கிவிட்டுப் போகும். வயர் வரைபடத்தைத் தெரிந்தவருக்கு இந்த விநோதங்கள் எல்லாம் நேரடியாக எர்த்தைச் சுட்டுகின்றன.

உறுதி செய்ய ஒரு துண்டு வயர் போதும். ஒரு முனையை ஹோல்டரின் எர்த் தகட்டில் வைத்து மறு முனையைச் சுத்தமான பாடி இரும்பில் தொட்டால் விளக்குகள் ஒழுங்காக எரியத் தொடங்கும். பிறகு திருகாணியைக் கழற்றி, அடியிலுள்ள பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்த்து, வயரின் லக்கையும் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிட்டால் வேலை முடிந்தது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இந்த இணைப்புகளை விரைவாகத் தின்னும். வெள்ளத்தில் நின்ற கார்களில் பிரச்சினை இன்னும் மோசம். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையும் நிறையக் கார்களை மூழ்கடித்தன. தண்ணீர் வடிந்த உடன் விளக்குகள் எரிந்தாலும், கப்ளருக்குள் தங்கிய ஈரம் மெதுவாகக் களிம்பாகி, மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாக அணைக்கும். வெள்ளம் பட்ட காரை வாங்குபவர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது டிக்கிக் கம்பளத்தின் அடியிலுள்ள எர்த் திருகாணியை.

எது எரிகிறது என்று பாருங்கள்

எரியாத விளக்கை மட்டும் பார்ப்பவருக்குப் பழுது தெரியாது. கூடவே எது எரிகிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். பிரேக் லைட்டையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் கண்ணாடிக்கு மேலேயுள்ள மூன்றாவது விளக்கும் சேர்ந்து எரியவில்லை என்றால் மூன்றுக்கும் பொதுவான இடத்தில் குறை: ஃபியூஸ் அல்லது பெடலின் மேல் இருக்கும் பிரேக் சுவிட்ச். மேல் விளக்கு எரிந்து பக்கவாட்டு இரண்டும் எரியவில்லை என்றால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது, பல்புகளையும் ஹோல்டர்களையும் பார்க்க வேண்டும். மாறாக, பிரேக் லைட் அணையவே மறுத்தால், பெடல் தண்டில் சுவிட்சை அழுத்தி நிற்கும் சிறு ரப்பர் கட்டை நொறுங்கி உதிர்ந்திருக்கலாம். சில ரூபாய்ப் பொருள். ஆனால் 21 வாட் விளக்குகள் மூன்றும் இரவு முழுதும் எரிந்தால் 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பாட்டரி ஏழு மணி நேரம்கூடத் தாங்காது.

டிம் இரண்டு பக்கமும் எரியவில்லை, பிரைட் எரிகிறது என்றால் ரிலேயும் சுவிட்சும் மட்டுமே சந்தேகத்துக்குரியவை என்று தோன்றும். இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு பக்க டிம் இழை பல வாரங்களுக்கு முன்பே அறுந்திருக்கும், ஊருக்குள் தெருவிளக்கு வெளிச்சத்தில் ஓட்டுபவர் கவனித்திருக்க மாட்டார். இரண்டாவதும் போன பிறகுதான் "ரெண்டும் ஒரே நேரத்துல போச்சு" என்று வருவார். ஆகவே முதலில் இரண்டு பல்புகளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஒரே நாளில் மாட்டிய பல்புகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஆயுள் முடிவதால் ஜோடியாகவே மாற்றுவது நல்லது.

இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் வேகமாகச் சிமிட்டினால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது என்று அர்த்தம். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்ட வேண்டும் என்பது விதி. பளு குறைந்ததை உணர்ந்து ஃபிளாஷர் தானாகவே வேகம் கூட்டி ஓட்டுநருக்குச் சொல்கிறது. இழை பல்புக்குப் பதில் எல்.இ.டி. போட்டாலும் இதே வேகம் வரும். அதைத் தவிர்க்கச் சிலர் தடைக்கட்டை சேர்ப்பார்கள். அது 20 வாட்டுக்கு மேல் சூடாகும். பிளாஸ்டிக்கின்மீது ஒட்டிவிட்டால் உருக்கிவிடும். ஹசார்ட் நான்கும் சிமிட்டி, இண்டிகேட்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ஃபிளாஷரைச் சந்தேகிக்காமல் ஸ்டீயரிங் அருகிலுள்ள சுவிட்சையும் அதற்கான ஃபியூஸையும் பார்க்க வேண்டும்.

கழற்றிய பல்பும் நிறையச் சொல்லும். இழை மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் இயல்பான முடிவு. உள்ளே வெண்மையாகவோ மஞ்சளாகவோ தூள் படிந்திருந்தால் கண்ணாடியில் விரிசல் விழுந்து காற்று புகுந்திருக்கிறது. கண்ணாடி ஒரு பக்கம் புடைத்திருந்தால் மாட்டும்போது விரல் எண்ணெய் பட்டிருக்கலாம். ஹாலஜன் பல்பின் குவார்ட்ஸ் கண்ணாடி கடும் சூட்டில் வேலை செய்வது. அழுக்குப் பட்ட இடம் மட்டும் கூடுதலாகச் சூடாகி இளகிவிடும். அதனால்தான் துணியால் பிடித்து மாட்டச் சொல்கிறார்கள். பல்புகள் சில மாதத்துக்கு ஒரு முறை போய்க்கொண்டே இருந்தால் எஞ்சின் ஓடும்போது பாட்டரியை அளந்து பாருங்கள். மின்னழுத்தம் 5 சதவீதம் கூடினாலே இழையின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். 15 வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர்.

ஃபியூஸ் மறுபடி மறுபடி போனால்

ஃபியூஸ் போவது நோய் அல்ல, அறிகுறி. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சிவப்பு போன இடத்தில் பச்சையை மாட்டுவதும், வயர் துண்டைச் சுற்றிச் செருகுவதும், அடுத்து எரியப்போவது வயர்தான் என்று முடிவு செய்வதற்குச் சமம். காரில் தீப்பிடிப்பதற்கு இப்படிப்பட்ட சின்னக் குறுக்கு வேலை போதும்.

ஷார்ட் எங்கே என்று தேட ஃபியூஸ்களை வரிசையாக எரிக்க வேண்டியதில்லை. ஃபியூஸின் இடத்தில் இரண்டு வயர் வைத்து ஒரு 21 வாட் பல்பை இணையுங்கள். ஷார்ட் இருக்கும்வரை அது முழு வெளிச்சத்தில் எரியும், வயருக்கு ஆபத்து இல்லை. பிறகு அந்தப் பாதையிலுள்ள கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனால், எதைக் கழற்றியதும் பல்பு அணைகிறதோ அந்தப் பக்கம் ஷார்ட். வழக்கமான இடங்கள் மூன்று. டிக்கி மூடியின் கீல் அருகே திறந்து மூடி மடங்கி உரிந்த வயர், எலி கடித்த வயர், பிறகு வெளியே சேர்த்த ஃபாக் லேம்புக்காகவோ ஆடியோவுக்காகவோ கம்பெனி வயரைக் கீறி டேப் சுற்றிய இடம். மூன்றாவதைத் தவிர்ப்பது நம் கையில் இருக்கிறது.

அதிக வாட், எல்.இ.டி.

100/90 வாட் எச்4 பல்புகள் இன்னும் தாராளமாக விற்கின்றன. இரண்டும் சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 10 ஆம்பியரை நினைத்துப் போட்ட வயரும் கப்ளரும் அதைத் தாங்காது. ரிலே இல்லாத பழைய சிறிய கார்களில் இந்த மின்சாரம் முழுதும் ஸ்டீயரிங் சுவிட்ச் வழியே ஓடி அதன் தகடுகளைக் கருக்கும். அத்தகைய காருக்கு உண்மையில் உதவுவது ரிலே கிட். பாட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேரடியாகத் தடித்த வயர், சுவிட்ச் வழியே ரிலேயை இயக்கும் சிறு மின்சாரம் மட்டும். அதே 60/55 வாட் பல்பு அதன் முழு வோல்ட்டைப் பெறும்போது தரும் வெளிச்சம், பலருக்கு வேறு பல்பே வேண்டாம் என்று ஆக்கிவிடும். புது ரிலேயை வாங்கும் முன் ஒன்று: பல கார்களில் ஹாரன் ரிலேயும் ஹெட்லைட் ரிலேயும் ஒரே எண். இடம் மாற்றி மாட்டிப் பார்த்தாலே ரிலே போயிருக்கிறதா என்று தெரியும்.

ஹாலஜன் கூட்டில் எல்.இ.டி. பல்பு செருகுவதைப் பற்றி என் நிலைப்பாடு கறாரானது: செய்யக் கூடாது. எச்4 பல்பின் டிம் இழைக்குக் கீழே ஒரு சிறு உலோகக் குழிவு இருக்கும். மேலே போகும் ஒளியை வெட்டி, எதிரே வருபவரின் கண்ணைக் காப்பது அதுதான். ரிஃப்ளெக்டரின் வளைவு, அந்த இழையின் இடத்தை மில்லிமீட்டர் அளவில் நம்பிச் செய்தது. எல்.இ.டி. சில்லு வேறு வடிவம், வேறு இடம். முன்னால் சாலை வெள்ளையாகத் தெரிவதால் ஓட்டுபவருக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும். எதிரே வருபவருக்குக் கண் இருண்டுவிடும். ஜெர்மனி 2020இல்தான் இத்தகைய மாற்று எல்.இ.டி. பல்பு ஒன்றை அனுமதித்தது. அதுவும் அந்தந்தக் கார் மாடலின் விளக்கோடு சோதித்து, பட்டியலில் உள்ள மாடல்களுக்கு மட்டும். இங்கே கடையில் தொங்கும் எந்தப் பல்புக்கும் அப்படிக் காருக்குக் கார் செய்த சோதனை இல்லை.

செனான் விளக்குள்ள கார்களுக்கு ஒரு வார்த்தை: அதை எரியவைக்க 20,000 வோல்ட்டுக்கு மேல் தேவை. டெஸ்ட் லேம்ப் வைத்து அதன் பின்பக்கத்தைத் துழாவுவது உயிருக்கு ஆபத்து.

கணினி நுழைந்த பிறகு

இன்றைய கார்களில் பல்புக்கும் சுவிட்சுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. சுவிட்ச் வெறும் வேண்டுகோளை அனுப்புகிறது. பி.சி.எம். என்ற கணினிப் பெட்டி அதைப் படித்து விளக்கை எரிக்கிறது. மின்சாரத்தை நொடிக்குப் பல முறை வெட்டி வெட்டி அனுப்புவதால் சாதாரண மீட்டர் விசித்திரமான எண்களைக் காட்டும். விளக்கு அணைந்திருக்கும்போதே சிறு துடிப்பு அனுப்பி இழை முழுதாக இருக்கிறதா என்று சோதிக்கும் கார்களும் உண்டு. அவற்றில் எல்.இ.டி. போட்டால் அணைத்த பிறகும் மினுக்கும். சில ஐரோப்பியக் கார்களில் ஒரு ஷார்ட் பல முறை நிகழ்ந்துவிட்டால் கணினி அந்த வழியையே பூட்டிவிடும். வயரைச் சரிசெய்த பிறகும் ஸ்கேனரால் திறந்துவிட்டால்தான் எரியும். இது தெரியாமல் நல்ல பி.சி.எம்.மைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. ஆனாலும் ஸ்கேனர் சொல்லும் குறியீடு தேடலின் தொடக்கம் மட்டுமே. "இடது டிம் பாதை திறந்திருக்கிறது" என்று அது சொல்லும். பல்பா, கப்ளரா, எர்த்தா என்பதை அளந்துதான் காண வேண்டும்.

எல்.இ.டி. முகப்பு விளக்குகளில் பிரச்சினை வேறு. டிம் விளக்கே எல்.இ.டி.யாக வந்த முதல் கார் 2007இல் வந்த லெக்சஸ் எல்.எஸ். 600எச். இன்று நடுத்தர விலைக் கார்களிலும் அது வந்துவிட்டது. எல்.இ.டி. சில்லு நீண்ட ஆயுள் கொண்டது. ஆனால் அதை ஓட்டும் சர்க்யூட், அதன் சூட்டை வாங்கும் அமைப்பு, கூட்டின் நீர்க்காப்பு ஆகியவற்றில் எது போனாலும் பல கார்களில் கூட்டையே முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். சில நூறு ரூபாய்ப் பல்பின் இடத்தில் பல ஆயிரம், உயர்ரகக் கார்களில் லட்சத்தையும் தாண்டும் செலவு. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளத்தில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. வாகனங்களின் வயரிங் வரைபடமும், விளக்கின் உள்பாகங்கள் தனித்தனியாகவும், வெளிப் பட்டறைகளுக்கு நியாய விலையில் கிடைக்கும்போதுதான் அந்த உரிமைக்குப் பொருள் உண்டு. வரைபடம் கையில் இல்லாத நல்ல எலக்ட்ரீஷியனும் பாகம் மாற்றிப் பார்க்கிறவராகத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

கூட்டுக்குள் மழைக்காலத்தில் மெல்லிய ஆவி படிந்து, விளக்கு எரிந்த சிறிது நேரத்தில் மறைந்தால் அது இயல்பு. கூட்டில் காற்றுத்துளை வைத்திருப்பதே அதற்காக. அடியில் தண்ணீர் தேங்கினால் ரப்பரோ ஓரமோ விட்டிருக்கிறது. மஞ்சளடித்த பாலிகார்பனேட் முகப்பைப் பற்பசையால் தேய்ப்பது சில வாரத்துக்கு மட்டும் உதவும். வெயிலைத் தடுக்கும் மேற்பூச்சு போனதால்தான் அது மஞ்சளாகியது. உப்புத்தாளால் படிப்படியாக நயமாக்கித் தேய்த்த பிறகு அந்தப் பூச்சை மறுபடி அடிக்காவிட்டால் முன்பைவிடச் சீக்கிரம் மங்கும்.

பல்பு மாற்றிய பிறகு யாரும் செய்யாத ஒரு வேலை, ஒளி எங்கே விழுகிறது என்று பார்ப்பது. சமதரையில், டயர் காற்றுச் சரியாக இருக்க, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். டிம் ஒளியின் மேல்விளிம்பு, விளக்கின் நடு உயரத்தைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். இடப்பக்கம் மட்டும் அந்த விளிம்பு சற்று மேலேறும், நடைபாதையைக் காட்டுவதற்காக. பின்னிருக்கையில் மூன்று பேரும் டிக்கியில் மூட்டையுமாகத் திருச்செந்தூருக்குக் கிளம்பும்போது காரின் முகம் தூக்கிவிடும். டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட உருளை இருந்தால் அதைத் திருப்பி ஒளியை இறக்குவது எதிரே வருபவருக்குச் செய்யும் கடமை.

யார் பார்க்கிறார்கள்?

இந்தியாவில் விளக்குகளின் எண்ணிக்கை, இடம், நிறம் எல்லாவற்றுக்கும் ஏ.ஐ.எஸ். 008 என்ற தரவிதி இருக்கிறது. ஆனால் சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதற்குப் பிறகுதான் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தகுதிச் சோதனை. அதாவது வீட்டுக் காரின் பிரேக் லைட்டை 15 ஆண்டுகள் எந்த அலுவலரும் பார்க்க வேண்டியதில்லை. பிரிட்டனில் மூன்றாண்டு முடிந்த ஒவ்வொரு காரும் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். முகப்பு விளக்கின் சாய்வும் அதில் அளக்கப்படும். ஜெர்மனியில் முதல் சோதனை மூன்றாண்டில், பிறகு இரண்டாண்டுக்கு ஒரு முறை. அதற்கும் மேலாக, 1956 முதல் ஜெர்மனியின் பட்டறைகள் ஒவ்வொரு அக்டோபரிலும் கார்களின் விளக்குகளை இலவசமாகச் சோதித்து, சரியாக இருக்கும் காரின் கண்ணாடியில் ஒரு வில்லை ஒட்டி அனுப்புகின்றன.

நமக்கும் அக்டோபர் பொருத்தமான மாதம்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம் அது. மழையிலும் இருட்டிலும் சாலை அதிகம் கேட்பது விளக்கைத்தான். தமிழ்நாட்டின் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களும் பட்டறைச் சங்கங்களும் போக்குவரத்துத் துறையும் சேர்ந்து அந்த ஒரு மாதம் இலவச விளக்குச் சோதனை நடத்தலாம். ஒரு காருக்குப் பத்து நிமிடம் போதும், ஒரு மல்டிமீட்டரும் வெள்ளையடித்த ஒரு சுவரும் இருந்தால் ஆயிற்று. அது நடக்கும்வரை, இன்று இரவு காரை வீட்டுச் சுவரை நோக்கி நிறுத்தி டிம், பிரைட், இண்டிகேட்டர் போட்டுப் பாருங்கள். பிறகு திருப்பி நிறுத்தி, வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லிப் பிரேக்கை மிதியுங்கள்.